சாமி உருண்டை

விஜயலட்சுமி அந்த வருஷம் பிடித்த சாமி உருண்டையை ஒற்றை ஆளால் தூக்க முடியவில்லை. சேதி கேட்ட ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் வரப்பு வழியாக வெல்லக் கொட்டாய்க்கே நடந்து வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, விரலை மடக்கித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊருக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சிச் சீமையில் கரும்புக்குக் குறைவில்லை. வெட்டியதில் முக்கால்வாசி லாரியேறி ஆலைக்குப் போய்விடும். சங்கராபுரத்துக்கு மேற்கே, வாசல் கதவைத் திறந்தால் கல்வராயன் மலை முகத்தில் விழிக்கிற இந்த ஊரில் நாலைந்து வீட்டார் தோட்டத்திலேயே கொட்டாய் போட்டு வெல்லமும் காய்ச்சுகிறார்கள். அதில் பெரிய கொட்டாய் சடையனுடையது. விஜயலட்சுமி அவருடைய ஒரே மகள்.

பருவத்தின் கடைசிக் கொப்பரைப் பாகில் அம்மனுக்கென்று ஓர் உருண்டை பிடிப்பது அந்த வீட்டு உரிமை. சித்திரைத் தேரன்று ஊரார் வடத்தில் கை வைக்கிற அதே வேளையில், வடக்குத் தெரு முனைப் பந்தலில் இருக்கும் செப்பு அண்டாவில் அந்த உருண்டை இறங்க வேண்டும். அங்கே தேர் புறப்படும், இங்கே வெல்லம் கரையப் புறப்படும். தேர் பந்தலுக்கு வந்து நிற்கும்போது அண்டாவில் பானகம் தயாராயிருக்க வேண்டும். சடையன் காலத்தில் உருண்டை ஒரு தடவைகூடத் தேரிடம் தோற்றதில்லை.

உருண்டையை முழுசாகத்தான் போட வேண்டும். உடைக்கக் கூடாது. இதற்குச் சாஸ்திரம் ஒன்றும் கிடையாது, ஊர்வாய்தான் காரணம். உடைத்துப் போட்டால், 'பாதிய வூட்டுக்கு எடுத்துக்கினு மீதியதான் சாமிக்குப் போட்டாங்க' என்று யாராவது ஒருவன் சொல்வான். ஒருவன் சொன்னால் போதாதா?

சடையன் இறந்து இரண்டு வருஷம். முதல் வருஷம் தீட்டு. தீட்டு வீட்டார் கோயில் காரியத்தில் கை வைக்கக் கூடாது என்பதால், அந்த வருஷம் மட்டும் அவருடைய பங்காளி பொன்னுரங்கம் பானகம் ஊற்றினார். ஊற்றியவருக்குக் கை இனித்துவிட்டது. இந்தத் தை மாதம் கோயில் வாசலில் ஊர் கூடியபோது, அந்த உரிமையை விடமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார்.

"ஆம்பள வாரிசு இல்லாத வூடு. பங்காளிக்குத்தான வரணும்? நான் ஒண்ணும் பேராசயில பேசல," என்றார் பொன்னுரங்கம்.

விஜயலட்சுமி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து முன்னால் வந்தாள். நாற்பது வயசு. அப்பனைப் போலவே அகலமான தோள், அப்பனைப் போலவே மூக்கின் மேல் கோபம்.

"இன்னா சித்தப்பா பேசறீங்க? தீட்டுக்கு ஒரு வருசம் உங்க கையில குடுத்து வெச்சோம். தீட்டு போயிடுச்சி. குடுத்தத திருப்பிக் குடுக்கறதுதான மரியாதி?"

"கோச்சிக்காதம்மா. பொம்பள நீ எப்பிடிப் பண்ணுவ?"

"அண்டாவுல வெல்லம் போடறதுக்கு மீசை இன்னாத்துக்கு சித்தப்பா?"

கூட்டம் சிரித்தது. சிரிக்காதவர் இருவர், பொன்னுரங்கமும் தர்மகர்த்தா முனியனும். முனியன் எதற்குமே சிரிப்பதில்லை. அவர் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். தீர்ப்பு வரப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"இந்த வருசம் சடையன் வூடே பண்ணட்டும். ஒரு கொறையும் இல்லாம நடந்துச்சின்னா அது அந்த வூட்டுக்கே. பொண்ணா பையனான்னு இனிமே யாரும் கேக்கக் கூடாது. கொற வந்துச்சின்னா அடுத்த வருசத்துலருந்து பொன்னுரங்கம். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் விஜயலட்சுமி. பொன்னுரங்கமும் தலையாட்டினார். ஆட்டிவிட்டுப் போகிறவர் சும்மா போயிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டே, "உன்னால முடிஞ்சத போடும்மா. எலுமிச்சங்கா அளவுக்குப் பிடிச்சிப் போட்டாக்கூட அம்மன் ஏத்துக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு விஜயலட்சுமிக்கு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பங்குனி கடைசியில் கடைசிக் கொப்பரை ஏறியது. வெயில் உச்சியைப் பிளந்தது. மலைப்பக்கமிருந்து வந்த காற்றும் அனலாகத்தான் வந்தது. கொட்டாய்க்குள்ளே கேட்கவே வேண்டாம். தைலம்மாளும் அவள் கூட்டத்துப் பெண்களும் விடியலிலேயே கரும்பு வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் காலனித் தெருவைச் சேர்ந்தவர்கள். இருபது வருஷமாகச் சடையன் கொட்டாயில் வெட்டுவது, ஆட்டுவது, அடுப்பெரிப்பது எல்லாம் அவர்கள்தான். தைலம்மாள் அடுப்பு வாயில் உட்கார்ந்து காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மேலே சாறு நுரைத்துப் பொங்கியது. அழுக்கை அரித்து எடுக்க எடுக்க, பச்சை நிறம் போய்ப் பொன்னிறம் வந்தது.

பதம் பார்ப்பது விஜயலட்சுமியின் புருஷன் அன்புச்செல்வன். எலவனாசூர்கோட்டையிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பாகைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, சொம்பில் தட்டிப் பார்த்தான். "எறக்கலாம்," என்றான்.

பாகு மரத்தொட்டியில் பரவி ஆறத் தொடங்கியதும், விஜயலட்சுமி ஒரு பெரிய மூங்கில் கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, உள்ளே ஈர வேட்டியை விரித்தாள்.

"இன்னா விஜி, கூடைய எடுத்தாந்துக்கிற?" என்றான் அன்புச்செல்வன்.

"சாமி உருண்டை இதுலதான்."

"இது மாட்டுக்குத் தீனி அள்ளற கூடையாச்சே."

"புதுக் கூடை. நேத்துதான் சந்தையில வாங்கினேன். எலுமிச்சங்கா அளவுன்னு சொன்னவங்க கண்ணு தெறிக்கணும்."

தைலம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்து கூடையைப் பார்த்தாள். முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, இத்தாம்பெரிசு கரையுமா?"

"எங்கப்பா போட்டது கரையில?"

"அவுரு போட்டது தேங்கா அளவு. ரொம்பப் போனா ரெண்டு தேங்கா அளவு. இது பெரிய பரங்கிக்காயாட்டம் இல்ல வரும்?"

"வெல்லம்தான தைலம்மா? தண்ணியில போட்டா கரையாம கல்லு மாதிரியா நிக்கும்?"

தைலம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். முதலாளியம்மா கண்ணில் சடையன் நின்றுகொண்டிருந்தார். எல்லாருமாகச் சேர்ந்து சூட்டோடு சூடாகப் பாகைக் கூடையில் அள்ளிப்போட்டு அழுத்தினார்கள். மத்தியானம் கேழ்வரகுக் களியும் கத்திரிக்காய்க் குழம்பும். களியை விழுங்கிக்கொண்டே ஆளாளுக்குத் திரும்பித் திரும்பிக் கூடையைப் பார்த்தார்கள். சாயங்காலம் துணியோடு கவிழ்த்து எடுத்தபோது, தேன் நிறத்தில், விரிசல் ஒன்றில்லாமல் உருண்டை உட்கார்ந்திருந்தது. விஜயலட்சுமி அதைத் தடவிப் பார்த்தாள். எங்கப்பன் வூட்டு வெல்லம் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமைதான், வேறென்ன.

தேர் நாள் வந்தது. காலையிலேயே பந்தல் கட்டி, அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி, கோயில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, சுக்கும் ஏலக்காயும் தட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து எல்லாம் தயார். உருண்டையை மஞ்சள் துணியில் கட்டிக் கழியில் கோத்து, முன்னால் மேளம் அடிக்க, அன்புச்செல்வனும் இன்னொருவரும் தோளில் சுமந்து வந்தார்கள். வழியெல்லாம் ஜனம் கூடி நின்று பார்த்தது. விஜயலட்சுமி பட்டுப்புடவையில் மேளத்துக்குப் பின்னால் நடந்தாள். தலை குனியவில்லை.

கோயில் பக்கம் வெடி வெடித்தது. வடத்தில் கை வைத்துவிட்டார்கள். உருண்டை அண்டாவில் இறங்கியது. தண்ணீர் மேலே எழும்பி விளிம்பில் வழிந்து தரையில் ஓடியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"இப்பிடி ஒண்ணு எங்க ஆயுசுக்கும் பாக்கல," என்றார் ஒருவர்.

விஜயலட்சுமி மரத்துடுப்பை எடுத்துத் துழாவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லேசாக நிறம் மாறியது. அவளுக்கு நம்பிக்கை வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் துழாவினாள். நிறம் அதற்குமேல் மாறக் காணோம். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். எலுமிச்சைப் புளிப்பும் சுக்குக் காரமும் இருந்தன. இனிப்பு வந்தும் வராமலும் இருந்தது. கையை உள்ளே விட்டு உருண்டையைத் தடவினாள். மேல்தோல் வழவழவென்று ஆகியிருந்தது. உருண்டை மட்டும் போட்டபடியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மைக்செட்டில் அறிவிப்பு வந்தது. "திருத்தேர் கிழக்கு வீதியைக் கடந்து தெற்கு வீதிக்குத் திரும்பிவிட்டது. பக்த கோடிகள் வழிவிட்டு நிற்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

விஜயலட்சுமி துடுப்பை நிறுத்தினாள். "அதுக்குள்ளவா? இன்னாங்க, எங்கப்பா காலத்துல இந்நேரம் கோயில் வாசலையே தாண்டியிருக்காதே."

"அப்பல்லாம் மண் ரோடு விஜி. சக்கரம் புதைஞ்சி புதைஞ்சி எழும். மாசியிலதான சிமெண்டு போட்டாங்க. தேரு வழுக்கிகினு வருது," என்றான் அன்புச்செல்வன். அவன்கூட அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் வேகமாகப் பேசினான்.

அவள் பலங்கொண்டமட்டும் துழாவினாள். துடுப்பு உருண்டையில் மோதி மோதித் திரும்பியது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோசனைக்கா பஞ்சம்?

"வெந்நி காய்ச்சி ஊத்தலாமே?"

"இந்த வெயில்ல தேரு இழுத்தவன் வாயில வெந்நியா ஊத்துவ?"

"கடையில சக்கரை வாங்கியாந்து கொட்டிடலாம் விஜயா. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் விஜயலட்சுமி. "கரும்பு வெச்சிகினு, கொட்டாய் வெச்சிகினு, அம்மனுக்குக் கடைச் சக்கரை ஊத்தறதுக்கு நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

அப்போதுதான் பொன்னுரங்கத்தின் டிராக்டர் பந்தலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய் நிறையத் தண்ணீர், ஒரு மூட்டை நாட்டுச் சர்க்கரை. மனுஷர் முன்யோசனைக்காரர். உருண்டையின் அளவைக் கேள்விப்பட்ட அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டார்.

"இன்னாம்மா, கரைஞ்சிடுச்சா?" என்று அண்டாவை எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா. அடுத்த வருசத் தேருக்குக் கரையும்போல இருக்குதே."

யாரோ சிரித்தார்கள். விஜயலட்சுமி துழாவிக்கொண்டே இருந்தாள்.

"ஜனம் தொண்ட வறண்டு வந்துகினு இருக்குது. நீ ஒதுங்கிக்க, நான் பாத்துக்கறேன். கொற வந்தா பொன்னுரங்கம்னு முனியன் சொன்னாரா இல்லியா?" என்றவர், அத்தோடு நிறுத்தாமல் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டார். மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி தூளை அள்ளி அதில் போட்டார். நாலு குலுக்குக் குலுக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தியா? போட்டதும் காணோம். இப்பிடிக் கரையணும் வெல்லம்."

விஜயலட்சுமி சொம்பைப் பார்த்தாள். ஒரு மணிகூட மிஞ்சாமல் கரைந்திருந்தது. அண்டாவைப் பார்த்தாள். மறுபடி சொம்பைப் பார்த்தாள்.

அதுவும் வெல்லந்தான். இதுவும் வெல்லந்தான். அதே மண், அதே கரும்பு, அதே கொப்பரைப் பக்குவம். அது தூளாக இருந்ததால் கரைந்தது, இது உருண்டையாக இருப்பதால் கரையவில்லை. தினமும் டீத்தண்ணியில் போடுவதற்கு வெல்லத்தை அம்மியில் தட்டித்தானே போடுகிறாள்? முழு அச்சைத் தூக்கி டம்ளரில் போடுகிற பைத்தியக்காரி யாராவது உண்டா? டம்ளருக்குத் தெரிந்தது அண்டாவுக்கு மறந்துபோயிற்று. பெரிசாகப் போட வேண்டும் என்ற வீம்பில் மறந்துபோயிற்று.

"உடைச்சிடும்மா," என்றொரு குரல் கேட்டது.

தைலம்மாள். பந்தலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் புங்கமரத்தடியில் நின்றிருந்தாள். அவளோடு காலனிப் பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். தேரன்று அவர்கள் நிற்கிற இடம் அதுதான். ஊர்த்தெருக்காரர்கள் எல்லாரும் குடித்த பிறகு, பானகத்தைக் குடத்தில் கொண்டுபோய் அவர்களுக்கு ஊற்றுவார்கள். அந்த வழக்கத்துக்கும் யாரும் காரணம் கேட்டதில்லை.

"உடைச்சா பாதிய வூட்டுக்கு எடுத்துக்கினேன்னு பேசுவாங்க தைலம்மா," என்றாள் விஜயலட்சுமி.

"நாலு செவுத்துக்குள்ள உடைச்சா பேசுவாங்க. நடுரோட்டுல, அத்தினி பேரு கண்ணு முன்னால உடை. எவன் பேசுவான்?"

ஆமாம் என்று பட்டது விஜயலட்சுமிக்கு. ஆனால் கல்லாய் இறுகிய உருண்டை. ஒரு ஆள் இடித்துத் தூளாக்க முடிகிற காரியமா?

"உடைச்சி மட்டும் போட்டா பத்தாது. தூளா இடிக்கணும். வர்றீங்களா?" என்று கேட்டாள். "உங்க தெரு கிட்டதான இருக்குது, உரலு ஒலக்கையோட வாங்க."

தைலம்மாள் அங்கேயே நின்றாள். கூட நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வர்றோம். ஆனா இடிக்கறதுக்கு மட்டும் கூப்புட்டா வரமாட்டோம். இடிச்சவங்க கையாலயே ஊத்தவும் செய்வோம். பந்தலுக்கு உள்ள நின்னு."

விஜயலட்சுமி தயங்கினாள். தயங்கவில்லை என்று சொன்னால் அது பொய். அவள் அப்பன் காலத்தில் நடக்காத காரியம். நாளைக்கு உறவுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பொன்னுரங்கம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா விஜயா இது? சாமி அண்டாவுல அவங்க கையா?" என்றார் அவர்.

அவ்வளவுதான். தயக்கம் போய்விட்டது. சில நேரம் எதிராளிதான் நமக்கு வழி திறந்துவிடுகிறான்.

"அந்தக் கரும்ப வெட்டுனது யாரு கை சித்தப்பா? சாறு ஆட்டுனது யாரு கை? அடுப்புல சக்கை தள்ளிகினு வெந்தது யாரு? உருண்டைய என்கூட அமுக்கிப் பிடிச்சது யாரு? அப்பல்லாம் சாமி கண்ண மூடிகினு இருந்துச்சா?" ரோட்டைப் பார்த்துத் திரும்பினாள். "உள்ள வா தைலம்மா. எல்லாரையும் கூட்டிகினு வா. நீங்களே ஊத்துங்க."

புங்கமரத்தடி கலைந்தது. பெண்கள் ஓடினார்கள். உலக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள் ஒருத்தி, உரலை உருட்டிக்கொண்டு வந்தவர்கள் நாலு பேர். அன்புச்செல்வனும் இன்னும் இரண்டு பேரும் அண்டாவில் கை விட்டு உருண்டையைத் தூக்கினார்கள். அது வழுக்கி வழுக்கி விழப்பார்த்தது. கழுவிவிட்ட துணிதுவைக்கும் கல்லின் மேல் சுத்தமான வேட்டியை நாலாக மடித்து விரித்து, அதன் மேல் வைத்தார்கள்.

"எல்லாரும் கிட்ட வாங்க," என்று விஜயலட்சுமி கூப்பிட்டாள். "நல்லா பாத்துக்கோங்க. முழு உருண்டை. ஒரு துணுக்கு வெளிய போனா என்னக் கேளுங்க."

முதல் போடு அவளே போட்டாள். அவள் கையால் பிடித்து அவள் தடவிப் பார்த்த உருண்டை. உலக்கையை ஓங்கும்போது மனசு வலிக்கத்தான் செய்தது. மூன்றாவது போட்டில் அது பிளந்தது. உள்ளே ஈரமே படாமல், மாவு மாவாக, காய்ந்து கிடந்தது.

"பாத்தியா விஜி," என்றான் அன்புச்செல்வன் ஆச்சரியத்தோடு. "தண்ணி தோலத்தான் நக்கிகினு இருந்திருக்குது. உள்ள இருக்கற வெல்லம் தண்ணியக் கண்ணாலகூட பாக்கல. உருண்டைக்கு ஒரே தோலு. தூளாக்கிட்டா ஒவ்வொரு மணிக்கும் சுத்திச் சுத்தித் தோலு. அத்தினி பக்கத்துலயும் தண்ணி புடுங்கும்."

"பேச்ச அப்பறம் வெச்சிக்கலாம் மாப்ள, உடைஞ்ச துண்டுங்கள எடுத்தா," என்றாள் தைலம்மாள். அவள் யாரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டோம் என்று யோசிக்கவும் இல்லை, அவனும் கவனிக்கவில்லை.

துண்டுகள் உரலுக்குப் போயின. இரண்டிரண்டு பேராக நின்று மாற்றி மாற்றி இடித்தார்கள். தெருக்காரப் பெண்கள் முதலில் வேடிக்கைதான் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி வீட்டுக்குள் போய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். தட்டுகிற சத்தமும் இடிக்கிற சத்தமும் மேளத்தை அமுக்கிவிட்டன. காற்றில் வெல்ல வாசம் ஏறியது. ஈயும் எறும்பும் எங்கிருந்துதான் வந்தனவோ.

"தேர் மேற்கு வீதியில் வந்துகொண்டிருக்கிறது," என்றது மைக்செட்.

முதல் முறம் தூள் அண்டாவில் விழுந்தது. விஜயலட்சுமி துடுப்பைச் சுழற்றினாள். தூள் சுழியில் போய் ஒரு சுற்றுச் சுற்றியது, அடுத்த சுற்றில் காணோம். இரண்டாவது முறம். மூன்றாவது. தண்ணீர் டீ நிறமாகி, காபி நிறமாகி, கடைசியில் அவளுக்குத் தெரிந்த அந்தப் பானக நிறத்துக்கு வந்து சேர்ந்தது. உரலில் ஒட்டியிருந்ததைத் தண்ணீர் விட்டுக் கழுவி அதையும் ஊற்றினார்கள். விரித்திருந்த வேட்டியையும் அண்டாவிலேயே அலசிப் பிழிந்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

தேர் வடக்குத் தெரு முனையில் திரும்பியபோது அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தாள். இனிப்பு முதலில் வந்தது. புளிப்பும் சுக்கும் பின்னால் வந்தன. அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. பட்டுப்புடவையெல்லாம் வெல்லக்கறை. அதைப் பற்றி யாருக்குக் கவலை?

தேர் வந்து நின்றதும் முதல் சொம்பு எப்போதும் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவருக்கு. சக்கரத்துக்கு அருகிலேயே குனிந்து குனிந்து வருகிற வேலை. கை தவறினால் உயிர் மிஞ்சாது. அந்த வேலை தைலம்மாளின் புருஷன் பிச்சைமுத்துவுடையது; காலனியில் அவருக்கு மட்டும் கடைசியில் குடிக்கிற வழக்கம் இல்லை. அவர் கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், பந்தலுக்குள்ளே செப்பு அண்டாவின் பக்கத்தில் தன் பெண்சாதி சொம்போடு நிற்கிறாள். மனுஷர் அசந்துபோனார்.

"இன்னாடி இங்க நிக்கிற?"

"குடிய்யா மொதல்ல. கேள்வியெல்லாம் வூட்டுல."

அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு வெற்றுச் சொம்பைத் திரும்ப நீட்டினார். "இன்னொண்ணு," என்றார். அதற்கப்புறம் வடம் பிடித்த ஜனம் மொத்தமும் பந்தலுக்குள் புகுந்தது. காலனிப் பெண்களும் தெருப் பெண்களும் கலந்து நின்று ஊற்றினார்கள். தாகத்தில் வந்தவர்கள் யார் கை என்று பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேர் தயங்கி நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்களை இடித்துக்கொண்டு முன்னால் போய்க் குடித்தார்கள்.

முனியன் வந்தார். அவருக்குச் சேதி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

"உடைச்சியாம்மா?"

"உடைச்சேங்க. ஊரு பாக்க நடுரோட்டுல உடைச்சேன். ஒரு துணுக்கு என் வூட்டுக்குப் போச்சின்னு யாராவது ஒருத்தர் கைய தூக்கச் சொல்லுங்க, இப்பவே உரிமைய விட்டுட்டுப் போறேன்."

முனியன் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். யார் கையும் எழவில்லை. எழும்பக்கூடிய ஒரே கையைப் பொன்னுரங்கம் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"முழுசா போடணும்னு சொல்றதே எல்லாம் சாமிக்குப் போய்ச் சேரணும்னுதான். சேந்துடுச்சி," என்ற முனியன் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "கொற ஒண்ணும் இல்ல. இது சடையன் பொண்ணு வூட்டு உரிமை. பேச்சு முடிஞ்சுது."

விஜயலட்சுமி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். அன்புச்செல்வன் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

கூட்டம் கொஞ்சம் குறைந்தது. பொன்னுரங்கம் இன்னும் டிராக்டர் நிழலில்தான் நின்றிருந்தார். காலையிலிருந்து வெயிலில் நின்றவர், உதடு காய்ந்து வெளுத்திருந்தது. இரண்டு பீப்பாய்த் தண்ணீர் வைத்திருந்தார்தான், ஆனால் தேரன்று அம்மன் பானகம் குடிக்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. மெல்ல நடந்து அண்டாவருகே வந்தார். மொள்ளுகிற சொம்பு தைலம்மாளின் கையில் இருந்தது. அவர் விஜயலட்சுமியைத் தேடினார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் பந்தல் காலடியிலேயே நின்றாள். பொன்னுரங்கம் தைலம்மாள் கைச் சொம்பைத் தொட மனமில்லாமல் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வாய்க்கு நேரே வைத்துக் குனிந்தார்.

தைலம்மாள் கைக்கு ஊற்றவில்லை. சொம்பை நிறைத்து, சொம்போடு நீட்டினாள்.

"வாங்கிக் குடிங்க," என்றாள்.

அவர் வாங்கினார். குடித்தார். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுச் சொம்பை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். போகிறவர் இந்தத் தடவையும் சும்மா போகவில்லை.

"அடுத்த வருசமாவது அளவா பிடி விஜயா. இத்தாம்பெரிசு இன்னாத்துக்கு?"

விஜயலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், அண்டாவின் அடியில் மிச்சமிருந்ததைச் சாய்த்து மொண்டுகொண்டிருந்த தைலம்மாள் தலையைத் தூக்கிச் சொன்னாள்:

"அளவெல்லாம் இல்ல. இதவிடப் பெருசாவே பிடிப்போம். இடிக்கறதுக்கு நாங்க இருக்கறோம்."